நல்ல வெயில், கூரை நிறைய சோலார், ஆனா ரோட்டுல கரண்ட் போனா எங்கட வீடும் இருட்டு. ஏன்?

தெஹிவளை_வனஜா:
எல்லாருக்கும் வணக்கம். கரண்ட் பத்தி விளங்கின ஆக்கள் இங்க இருக்கீங்கன்னு தெரியும், அதான் கேக்கிறேன். எங்கட வீட்டுல போன வருஷம் சோலார் போட்டோம், அஞ்சு கிலோவாட், லோன் எடுத்துத்தான். பில் விஷயத்துல ஒரு குறையும் இல்ல, நாங்க கிரிட்டுக்கு, அதான் நாட்டு கரண்ட் லைனுக்கு, குடுத்தது கழிஞ்சு வருது. ஆனா போன கிழமை எங்கட ரோட்டு ட்ரான்ஸ்போமர்ல ஏதோ டமார்னு சத்தம், காலம பதினொரு மணி இருக்கும், கரண்ட் போச்சு. வெயில்னா அப்பிடி ஒரு வெயில், மேல பெனல் கண்ணு கூசுற மாதிரி மினுங்குது, கீழ ஃபேன் சுத்துதில்ல, ஃப்ரிட்ஜ் ஓடுதில்ல, இன்வேட்டர்ல சிவப்பு லைட்டு. பின்னேரம் வரைக்கும் அப்பிடியே. பக்கத்து வீட்டு அங்கிள் மதிலுக்கு மேலால எட்டிப் பாத்து "என்ன புள்ள, சோலார் வீட்டுலயும் கரண்ட் போகுமா"ன்னு ஒரு சிரிப்பு வேற.

போட்ட கம்பெனிக்கு கோல் எடுத்தா "அது சேஃப்டிக்கு மேடம்"னு ஒரே வசனம், அதுக்கு மேல அவங்களுக்கும் தெரியாது போல. சேஃப்டின்னா யாருக்கு சேஃப்டி? வெயிலும் என்ட, பெனலும் என்ட, லோனும் என்ட, ஃபேன் மட்டும் சுத்தக்கூடாதா?

ரெண்டாவது கேள்வி, இதோட சேந்ததுதானான்னு தெரியல்ல. 2025 பெப்ரவரில ஒரு ஞாயித்துக்கிழமை நாடு பூரா கரண்ட் போச்சே, பாணந்துறையில குரங்கு பாஞ்சதுன்னு சொன்னாங்க. அதுக்குப் பிறகு என்னடான்னா கூரை சோலார் கூடிப்போனதும் ஒரு காரணம்னு கதை வந்துச்சு, ஏப்ரல் புத்தாண்டு லீவுக்கு பகல்ல மூணு மணி வரைக்கும் சோலார நிப்பாட்டி வைங்கன்னு மின்சார சபையே கேட்டாங்க. எங்கட வீட்டு பெனல் நாட்டையே இருட்டாக்குமா? இல்லாட்டி குரங்குக்கு துணைக்கு எங்களையும் கேஸ்ல சேத்துட்டாங்களா? கொஞ்சம் விளங்குற மாதிரி சொல்லுங்க, எனக்கு சயன்ஸ் ஓ லெவலோட சரி.

கொட்டாஞ்சேனை_குசும்பன்:
அந்தக் குரங்கு பாவம்க்கா. உலகத்துல எந்தக் குரங்குக்கு ஒரு நாட்டையே ஓஃப் பண்ற பவர் இருக்கு சொல்லுங்க. அனுமாருக்குப் பிறகு இவர்தான், அவராவது எரிச்சாரு, இவர் அணைச்சிட்டாரு. சரி சரி, தெரிஞ்ச ஆக்கள் வரட்டும், நான் ஓரமா இருந்து பாக்கிறேன்.

கூரைமேல்_பாஸ்:
அக்கா, நான் சோலார் ஃபிட் பண்ற வேலைதான் பாக்கிறேன், கொழும்பு பக்கம் நிறைய வீட்டுக்கு ஏறி இறங்கியிருக்கேன். உங்க முதல் கேள்விய போடுறதுக்கு முன்னுக்கே சொல்லிக் குடுக்கணும், வித்துட்டு போற ஆக்கள் சொல்றதில்ல, அதான் எல்லா வீட்டுலயும் முதல் கரண்ட் கட்டோட இதே சண்டை.

உங்க வீட்டுல இருக்கிறது கிரிட்-டை இன்வேட்டர், கிரிட்டோட கட்டிப்போட்டு ஓடுற வகை. பெனல்லருந்து வாறது டீசி, ஒரே பக்கமா ஓடுற கரண்ட், வீட்டுல ஓடுறது ஏசி, மாறி மாறி திசை மாறுற கரண்ட், அத மாத்தித் தாறதுதான் இன்வேட்டர்ட வேலைன்னு எல்லாரும் சொல்லுவாங்க, அது பாதிதான். மாத்துற நேரம் அது எத பாத்து மாத்துதுன்னு யாரும் கேக்கிறதில்ல. அது ரோட்டு லைன்ல வாற கரண்டத்தான் பாக்குது. லைன்ல 230 வோல்ட், செக்கனுக்கு 50 தரம் ஏறி இறங்குது, அந்த ஏத்த இறக்கத்த பிடிச்சுக்கிட்டு அதுக்கு மேல உங்க பெனல் கரண்ட ஏத்தி விடுது. லைன்ல ஒண்டும் இல்லன்னா இதுக்கு பிடிக்க ஒண்டும் இல்ல. சொந்தமா தாளம் போட இதுக்குத் தெரியாது, அப்பிடித்தான் செஞ்சிருக்காங்க.

இப்ப சேஃப்டி யாருக்குன்னு கேட்டீங்களே, போஸ்ட்டுல ஏறுற மனுஷனுக்கு. ட்ரான்ஸ்போமர் பழுதுன்னு லைன் வேலைக்கு ஆள் வந்து லைன ஓஃப் பண்ணிட்டு கை வைக்கிறார்னு வைங்க. அந்த நேரம் உங்க வீட்டுலருந்து கரண்ட் லைனுக்குப் போனா என்ன ஆகும். அதுவும் ட்ரான்ஸ்போமர் ரெண்டு பக்கமும் வேலை செய்யும்க்கா. உங்க வீட்டுலருந்து 230ல போறது அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டா ஏறி நிக்கும். அதனால கிரிட் போனது தெரிஞ்சா ரெண்டு செக்கனுக்குள்ள தன்னையே கழட்டிக்கணும்னு இன்வேட்டருக்கு சர்வதேச விதியே இருக்கு. கரண்ட் வந்த உடனயும் துள்ளி சேராது, லைன் ஒழுங்கா நிக்குதான்னு சில நிமிஷம் பாத்துட்டுத்தான் சேரும், டிஸ்ப்ளேல எண்ணிக்கை இறங்குறத பாத்திருப்பீங்க.

இன்னொண்டும் சொல்லணும். இன்வேட்டர் நிண்டா பெனலும் செத்துப்போச்சுன்னு நினைச்சு யாரும் மேல ஏறி வயர கழட்ட வேணாம். வெயில் இருக்கிற வரைக்கும் பெனல் வரிசையில முந்நூறு நானூறு வோல்ட் டீசி நிண்டுக்கிட்டே இருக்கும். ஏசியில கரண்ட் செக்கனுக்கு நூறு தரம் பூச்சியத்த தொட்டுட்டுப் போகுது, அதனால பொறி பத்தினாலும் அணையறதுக்கு இடம் இருக்கு. டீசியில அந்த இடைவெளி இல்ல. ஓடிக்கிட்டிருக்கிற பிளக்க இழுத்தீங்கன்னா நெருப்பு நூல் மாதிரி நீளும், பிளாஸ்டிக் உருகிப் போகும். கை விரல் வெந்த பொடியன்மார நான் கண்ணால பாத்திருக்கேன்.

ஃபர்ஹான்_தெமட்டகொட:
பாஸ் நாநா, நல்லா விளங்குது. எனக்கு ஒரு ஐடியா ஈக்கிது, பிழைன்னா ஏசாதீங்க. இன்வேட்டருக்கு பாத்துப் பிடிக்க ஒரு 230 வோல்ட் வேணும், அவ்வளவுதானே? எங்கட கடையில சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் ஒண்டு சும்மா கிடக்கு. மெயின் ஸ்விட்ச ஓஃப் பண்ணிட்டு அத ஸ்டார்ட் பண்ணி வீட்டு லைன்ல குடுத்தா, இன்வேட்டர் அத கிரிட்னு நினைச்சு ஏமாந்து சோலார ஓட விடாதா? ஜெனரேட்டர் சும்மா உறுமிக்கிட்டு நிக்கும், வேலைய சோலார் பாக்கும், பெட்ரோலும் மிச்சம்.

கூரைமேல்_பாஸ்:
ஏச மாட்டேன் தம்பி, இத கேக்காத ஆள் இல்ல. சில நேரம் ஏமாறவும் செய்யும், அங்கதான் வில்லங்கமே.

யோசிச்சுப் பாருங்க, வீட்டுல ஃபேனும் லைட்டும் சேத்து ஒரு 500 வாட் ஓடுது, மேல பெனல் 4000 வாட் தள்ளுது. மிச்சம் 3500 எங்க போகும்? கிரிட் இருந்தா ரோட்டுக்குப் போகும், பக்கத்து வீட்டு அங்கிள் எரிச்சுக்குவார். இப்ப ரோட்டு ஸ்விட்ச் ஓஃப், போறதுக்கு இருக்கிற ஒரே இடம் உங்க ஜெனரேட்டர். அதுக்குள்ள கரண்ட் திரும்பிப் போனா என்ஜின இன்னும் வேகமா சுத்த வைக்கும், வோல்டேஜ் ஏறும், ஜெனரேட்டர்ட உள்ளுக்கு இருக்கிற ரெகுலேட்டர் எரியும், அதோட சேத்து டீவி ஃப்ரிட்ஜ் போர்ட்டும் போகலாம். இன்வேட்டர் அதுக்கு முன்னுக்கு ட்ரிப் ஆகி நிண்டா உங்க அதிர்ஷ்டம். இதுக்கெண்டே கொன்ட்ரோலர் வச்சு ஹோட்டல் ஃபெக்டரியில எல்லாம் ஜெனரேட்டரையும் சோலாரையும் சேத்து ஓட்டுறாங்க, அது வேற கதை, வேற காசு.

அதவிட மெயின் ஸ்விட்ச ஓஃப் பண்ண மறந்துட்டீங்கன்னா போஸ்ட்டுல நிக்கிற மனுஷன்ட கதை முடிஞ்சுது. சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச், ரோட்டு லைனா ஜெனரேட்டரா ஒண்ட மட்டும் சேக்கிற ஸ்விட்ச், இல்லாம ஜெனரேட்டர வீட்டு லைன்ல குத்துறது சோலார் இருந்தாலும் பிழை, இல்லாட்டியும் பிழை.

ஐம்பது_ஹெர்ட்ஸ்:
பாஸ் சொன்னது அத்தனையும் சரி. வனஜா அக்காட ரெண்டாவது கேள்விய நான் எடுக்கிறேன், படிச்சதும் இதுதான், சாப்பாடும் இதுலதான், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

கரண்ட தண்ணி மாதிரி டேங்க்ல தேக்கி வைக்க கிரிட்டுல இடமில்ல. இந்த செக்கன் நாடு பூரா எவ்வளவு எரிக்குதோ அவ்வளவையும் இந்த செக்கனே உண்டாக்கியாகணும். அந்தக் கணக்கு சரியா போகுதான்னு பாக்கிற மீட்டர்தான் ஃப்ரீக்வன்சி, அதான் அந்த 50 ஹெர்ட்ஸ். எரிக்கிறது கூடினா 50லருந்து இறங்கும், உண்டாக்குறது கூடினா ஏறும். கொழும்புல நீங்க பாக்கிற அதே நம்பர்தான் யாழ்ப்பாணத்துலயும் அம்பாந்தோட்டையிலயும், முழு நாட்டுக்கும் ஒரே துடிப்பு.

அந்தத் துடிப்பு எங்கருந்து வருது? சுத்துற இரும்புலருந்து. நொரச்சோலை நிலக்கரி நிலையத்துல மூணு மெஷின், ஒவ்வொண்டும் 300 மெகாவாட், அந்த டர்பைனும் ஜெனரேட்டரும் ஒரே தண்டுல நிமிஷத்துக்கு 3000 தரம் சுத்துது, செக்கனுக்கு 50. மகாவலிப் பக்கத்து நீர்மின் மெஷின் எல்லாம் இத விட மெதுவா சுத்தும், காந்த முனை கூட வச்சு அதே 50க்கு கொண்டு வருவாங்க. எல்லாம் ஒண்டோட ஒண்டு வயராலயே கட்டுப்பட்டு ஒரே தாளத்துல சுத்துது.

ஆடி வேல் தேர் காலி வீதியால வாறத பாத்திருப்பீங்கதானே. பாரமான தேர், உருள ஆரம்பிச்சிட்டா வடம் பிடிக்கிற ஆக்கள்ல பத்துப் பேர் கைய விட்டாலும் அந்த இடத்துலயே நிக்காது, தன்ட பாரத்துலயே கொஞ்ச தூரம் போகும், அதுக்குள்ள வேற பத்துப் பேர் வந்து பிடிச்சிருவாங்க. தேர்ட பாரம் குறைஞ்சா அந்த அவகாசம் கிடையாது. அந்த சுத்துற இரும்புதான் கிரிட்டுக்கு தேர்ட பாரம். சோலார் இன்வேட்டர் வடம் இழுக்கிற ஆள்தான், நல்லாவே இழுப்பார், ஆனா தேருக்கு பாரம் சேக்க மாட்டார். அதோட தேர் ஒரு குலுங்கு குலுங்கினா முதல்ல கைய விடுற ஆளும் அவர்தான், ஏன்னா பாஸ் சொன்ன அந்த சேஃப்டி விதி.

சும்மா ஒரு கணக்குக்கு சொல்றேன். சுத்துற மெஷின் எல்லாத்துலயும் சேத்து 6000 மெகாவாட்-செக்கன் சக்தி இருக்குன்னு வைங்க, திடீர்னு 300 மெகாவாட் ஒரு மெஷின் விழுது. ஃப்ரீக்வன்சி செக்கனுக்கு 1.25 ஹெர்ட்ஸ் வேகத்துல இறங்க ஆரம்பிக்கும். சுத்துறது பாதியா இருந்தா 2.5. அதாவது 50லருந்து 49க்கு வர, முதல் கணக்குல முக்கால் செக்கனுக்கு மேல, ரெண்டாவதுல அரை செக்கன் கூட இல்ல. மிச்ச மெஷின்ல தண்ணி வால்வோ நீராவி வால்வோ திறந்து பவர் கூட்டுறதுக்கு சில செக்கன் வேணும். ஆள் வந்து வடத்த பிடிக்க முன்னுக்கே தேர் நிண்டுரும்.

இப்ப 2025 பெப்ரவரி 9. ஞாயித்துக்கிழமை, ஒஃபீஸ் பூட்டு, ஃபெக்டரி பூட்டு, எரிக்கிறது குறைவு. முற்பகல் பதினொண்டு தாண்டி நல்ல வெயில், சோலார் உச்சிக்கு ஏறிக்கிட்டிருக்கு. சோலாருக்கு இடம் விட்டு சுத்துற மெஷின குறைச்சு வச்சிருக்காங்க. தேர் லேசு. அந்த நேரம் பாணந்துறை கிரிட் சப்ஸ்டேஷன்ல ஃபோல்ட். குரங்கு பட்டதுன்னு அந்த நேரம் மின்சக்தி அமைச்சரா இருந்த குமார ஜயகொடியே சொன்னார். சப்ஸ்டேஷன்ல ஷோர்ட் ஆனா அந்த ஒரு கணம் பெரிய பிரதேசத்துக்கே வோல்டேஜ் குழியில விழும். குழிய பாத்த உடன இன்வேட்டர் "கிரிட் போச்சு"ன்னு நினைச்சு கழண்டுரும். கழண்ட உடன உண்டாக்குறது குறையும், ஃப்ரீக்வன்சி இறங்கும்.

இதுக்குப் பிறகு வாறதுதான் எனக்கு எப்பவும் சுவாரசியமான இடம். ஃப்ரீக்வன்சி 49க்கு கீழ போனா கிரிட்ட காப்பாத்த சில ஏரியாவ தானாவே கட் பண்ற ஒரு ஏற்பாடு இருக்கு, எரிக்கிறத குறைக்கிறதுக்கு. அது அந்தக் காலத்து கணக்குல போட்டது. அப்ப ஒரு ஃபீடர, அதான் ஒரு ஏரியாவுக்குப் போற லைன, வெட்டினா எரிக்கிறது மட்டும்தான் போகும். இப்ப அந்த ஃபீடர்ல கூரை கூரையா சோலார் இருக்கு, வெட்டினா எரிக்கிறதோட உண்டாக்குறதும் சேந்து போகுது, பகல்ல சில ஃபீடர் எரிக்கிறத விட கூடவே தந்துக்கிட்டிருக்கும். மருந்து குடுக்க நோய் கூடுது. இன்னும் இறங்கினா பெரிய டர்பைன் தன்னக் காப்பாத்த தானே ட்ரிப் ஆகும், குறைஞ்ச வேகத்துல சுத்தினா நீளமான ப்ளேட் அதிர்ந்து வெடிக்கும்னு பயம். நொரச்சோலை மூணும் விழுந்துச்சு, பிறகு எல்லாம் பூச்சியம்.

அதனால அக்கா, உங்கட அஞ்சு கிலோவாட் நாட்ட இருட்டாக்கல்ல. ஆனா உங்கள மாதிரி கூரை எல்லாம் சேந்து ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல. அது நொரச்சோலை மூணையும் விட பெரிசு, அதுவும் கொன்ட்ரோல் ரூம்ல இருக்கிற ஆளுக்கு ஒவ்வொரு கூரையும் தனித்தனியா தெரியாது, நிப்பாட்ட பட்டனும் இல்ல. அதான் ஏப்ரல்ல "தயவுசெய்து நிப்பாட்டுங்க"ன்னு கேக்க வேண்டி வந்துச்சு.

பானா_வெள்ளவத்தை:
தம்பி ஐம்பது, வடிவா விளங்கப்படுத்தினீர், சந்தோசம். ஆனா எனக்கொரு கோபம் இருக்கு. சூரிய பல சங்கிராமய எண்டு கூரைச் சோலார் திட்டத்தை 2016ல பெரிய எடுப்பில துவங்கினவை, யூனிட்டுக்கு முதல் ஏழு வருசம் 22 ரூபா எண்டு ஆசை காட்டினவை, சனம் நகை அடகு வச்சும் போட்டுது. ஆக்கள் போடப் போடக் கூரையில கூடும் எண்டு கணக்குப் பாக்க ஒரு ஆள் இல்லையோ? இப்ப கடைசியில எங்களைப் பாத்து நிப்பாட்டு எண்டா என்ன ஞாயம். நான் பென்சன்காரன், லோன் கட்டுறது அந்த யூனிட் காசிலதான். மற்றது, ஸ்பெயினிலயும் போனது தானே, அங்கையும் சோலார்தான் குற்றவாளி எண்டு பேப்பரில கிடந்தது. உது உண்மையோ, இல்லாட்டி நிலக்கரி ஆக்கள் கட்டுற கதையோ?

ஐம்பது_ஹெர்ட்ஸ்:
ஐயா உங்கட கோபம் ஞாயம்தான். கூரைக்காரர குத்தம் சொல்றது லேசு, ஏன்னா அவங்களுக்கு பதில் சொல்ல பேச்சாளர் இல்ல. பெனல் எவ்வளவு வேகமா கூடுதுன்னு பில் போடுற இடத்துலயே தெரியும், கிரிட்ட அதுக்கேத்த மாதிரி மாத்துறதுதான் பிந்திப்போச்சு, அது என்ட அபிப்பிராயம்.

ஸ்பெயின், போர்த்துக்கல் ரெண்டும் 2025 ஏப்ரல் 28 பகல்ல இருட்டாச்சு. அங்க கதை கொஞ்சம் வேற, ஃப்ரீக்வன்சி இறங்கினது பிறகு. முதல்ல வோல்டேஜ் ஏறிக்கிட்டே போச்சு, அத இழுத்துப் பிடிக்க வேண்டிய ஏற்பாடு போதல்ல, வோல்டேஜ் கூடிப்போச்சுன்னு மின் நிலையங்கள் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா கழண்டுச்சு. சோலார்னா கெட்டதுன்னு அதுலருந்து முடிவெடுத்தா பிழை. ஆனா ஸ்பெயினுக்கு பக்கத்துல பிரான்ஸ் இருக்கு, மொரோக்கோ இருக்கு, லைன் இருக்கு, கரண்ட் திரும்ப எடுக்க அங்கருந்து உதவி வந்துச்சு. நமக்கு சுத்தி கடல்தான். இந்தியாவோட லைன் இழுக்கிற பேச்சு வருஷக்கணக்கா பேச்சாவே இருக்கு.

முதல்ல செய்ய வேண்டியது சில்லறை விஷயம், இன்வேட்டர் செட்டிங். ஜெர்மனியில இது பெரிய பாடம். அங்க பழைய விதிப்படி எல்லா சோலார் இன்வேட்டரும் 50.2 ஹெர்ட்ஸ் தொட்டா உடன கழரணும்னு இருந்துச்சு. கொஞ்சம் சோலார் இருந்த காலத்துல பிரச்சினை இல்ல, பிறகு லட்சக்கணக்கான கூரை ஒரே புள்ளியில ஒரே கணத்துல கழண்டா ஐரோப்பாவே ஆடும்னு பயந்து, இருந்த இன்வேட்டர தேடித் தேடி செட்டிங் மாத்தினாங்க. சின்ன குழிக்கு பயப்படாம தாக்குப் பிடிக்கிற மாதிரி, ஃப்ரீக்வன்சி ஏறினா ஒரேயடியா கழராம படிப்படியா குறைக்கிற மாதிரி. புது இன்வேட்டர் எல்லாத்துக்கும் இது வரும், சரியா செட் பண்ணினா.

அயர்லாந்தும் தீவுதான். அங்க காத்தாலையும் சோலாரும் சேத்து ஒரு நேரத்துல நூத்துக்கு 75 வரைக்கும் விட 2022லயே தொடங்கிட்டாங்க, பிரிட்டனுக்கு கடலுக்கடியால கேபிள் இருக்குதான், ஆனாலும் பாரத்துக்கு என்ன செஞ்சாங்கன்னு பாருங்க. மனிபொயின்ட்னு ஒரு நிலக்கரி நிலையம் இருந்த இடத்துல 2022ல பெரிய ஃப்ளைவீல், அதான் பாரமான சக்கரம், ஒண்ட வச்சு சும்மா சுத்த விட்டிருக்காங்க, கரண்ட் உண்டாக்க இல்ல, பாரத்துக்கு மட்டும். மத்த வழி பெட்டரி. தென் ஆஸ்திரேலியா 2016 செப்டெம்பர் புயல்ல முழு மாநிலமும் இருட்டாச்சு, அடுத்த வருஷமே ஹோர்ன்ஸ்டேல்ல 100 மெகாவாட் பெட்டரி போட்டாங்க. செக்கனுக்கும் குறைவுல வடத்த பிடிக்கிற ஆள் அது. இப்ப வாற சில பெரிய பெட்டரி இன்வேட்டர் தானே தாளம் போடவும் செய்யும், கிரிட்ட பாத்துக்கிட்டு இருக்காது.

கொட்டாஞ்சேனை_குசும்பன்:
நான் ஓரமா இருந்து வாசிச்சேன், தலை சுத்துது, 3000 ஆர்பிஎம்ல. ஒரு சின்ன சந்தேகம் அண்ணே. அன்னைக்கு பின்னேரமே கரண்ட் வந்துச்சு, சரி. பிறகு ஏன் திங்களும் செவ்வாயும் ஒண்டரை மணித்தியாலம் கட் பண்ணினாங்க? குரங்கு ஒரு தரம்தானே பாஞ்சுது?

ஐம்பது_ஹெர்ட்ஸ்:
நொரச்சோலைதான் காரணம். நீர்மின் நிலையம்னா கதவத் திறந்தா தண்ணி வரும், மெஷின் சுத்தும், நாடே இருட்டா இருந்தாலும் தன்ட காலுலயே எழும்பும், அதான் முழு இருட்டுலருந்து வெளிய வர முதல்ல அதத்தான் ஓட்டுவாங்க. பிறகு லைன் லைனா சேத்துக்கிட்டு வரணும், ஒரேயடியா எல்லா ஏரியாவுக்கும் குடுத்தா எல்லா வீட்டு ஃப்ரிட்ஜும் ஏசியும் ஒண்டா இழுத்து திரும்பவும் விழும். நிலக்கரி நிலையத்துக்கு எழும்பவே வெளியிலருந்து கரண்ட் வேணும், கரிய அரைக்க, காத்து ஊத, தண்ணி தள்ள. அதுவும் சூட்டோட சடார்னு நிண்ட டர்பைன நினைச்ச நேரம் திரும்ப ஓட்ட ஏலாது, உள்ள உலோகம் சமமா சூடேறாட்டி தண்டு வளையும். எல்லாத்தையும் பாத்து பாத்து ஏத்த நாளெடுக்கும். அது வரைக்கும் 900 மெகாவாட் குறைவு, அதான் ராவு நேரத்துக்கு போதல்ல.

தெஹிவளை_வனஜா:
அப்பாடா, இவ்வளவு நாளா யாரும் இப்பிடி சொல்லல்ல. ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. அங்கிளுக்கு சொல்ல எனக்கு இப்ப கதை இருக்கு.

இப்ப காசு கேள்வி. பெட்டரி போட்டா கரண்ட் போன நேரம் வீடு ஓடுமா? இருக்கிற இன்வேட்டர தூக்கி எறியணுமா? மாமியாருக்கு ராவுல நெபுலைசர் வைக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம், ரூமக் குளிராக்கிற ஏசி இல்லாட்டியும் பரவாயில்ல. மத்தது, அடுத்த தரம் லீவுக்கு நிப்பாட்டச் சொன்னா எந்த ஸ்விட்ச போடணும்? சுவத்துல நாலு இருக்கு, தொடவே பயமா இருக்கு.

கூரைமேல்_பாஸ்:
அக்கா, பெட்டரிய மட்டும் வாங்கி இப்ப இருக்கிற இன்வேட்டர்ல குத்த ஏலாது. ஒண்டு, இன்வேட்டர ஹைப்ரிட்டுக்கு, பெனலையும் பெட்டரியையும் சேத்து ஓட்டுற வகைக்கு, மாத்தணும். இல்லாட்டி இருக்கிறத அப்பிடியே விட்டுட்டு பெட்டரிக்கு தனி இன்வேட்டர் ஒண்ட பக்கத்துல வைக்கலாம், ஆனா எல்லா மொடலும் ஒண்டுக்கொண்டு ஒத்துப்போகாது. உங்க இன்வேட்டர்ட மொடல் நம்பர எழுதி வச்சுக்கிட்டு விசாரிங்க. எதப் போட்டாலும் கரண்ட் தாற ஆக்கள்ட அப்ரூவல் எடுத்துத்தான், அக்ரிமென்ட் அந்த இன்வேட்டர் நம்பருக்குத்தான் இருக்கும்.

ஹைப்ரிட்னு பேர் இருந்தா மட்டும் போதாது. பேக்கப் அவுட்புட் தனியா இருக்கான்னு கேளுங்க, இருந்தாலும் அதுக்கு தனி வயரிங் இழுத்தாங்களான்னு பாருங்க. இன்வேட்டர்ல பேக்கப் இருக்கு, டீபியில, அதான் வீட்டு ப்ரேக்கர் பெட்டியில, இழுக்காம விட்டிருக்காங்கன்னு எத்தன வீட்டுல பாத்திருக்கேன். முழு வீட்டையும் பேக்கப்ல போட வேணாம். லைட், ஃபேன், வைஃபை, ஃப்ரிட்ஜ், மாமியார்ட ரூம் ப்ளக், அவ்வளவையும் தனி ப்ரேக்கருக்கு கொண்டு வரணும். ஏசி, ஹீட்டர், கேத்தல், அயன் எல்லாம் வெளிய. ஒரு கேத்தலே 2000 வாட் இழுக்கும், ஒரு டீக்கு ஆசப்பட்டு ராவு முழுக்க இருட்டுல இருக்க வேண்டி வரும். ஃப்ரிட்ஜும் ஸ்டார்ட் ஆகுற நேரம் ஓடுறத விட பல மடங்கு இழுக்கும், அதுக்கு இன்வேட்டர் தாக்குப் பிடிக்கணும்.

கணக்கு லேசு. அஞ்சு கிலோவாட்-மணித்தியால பெட்டரின்னா அஞ்சு யூனிட், அத முழுசா வழிச்செடுக்க விடாது, நாலு நாலரைன்னு வைங்க. நீங்க சொல்றதெல்லாம் சேத்து சராசரி 400 வாட் ஓடினா பத்து மணித்தியாலம் கிட்ட தாங்கும், நெபுலைசர் எல்லாம் இதுல ஒரு கணக்கே இல்ல. விடிஞ்சு வெயில் வந்தா பெனல் திரும்ப நிரப்பும், கொழும்புல நல்ல வெயில்னா ஒரு கிலோவாட் பெனலுக்கு ஒரு நாளைக்கு நாலு யூனிட் கிட்ட வரும். பெட்டரி லித்தியம் அயன் பொஸ்பேட் வகையா கேளுங்க, சூட்டுக்கு கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். அதுக்காக ஸ்லெப்புக்கு கீழ வெயில் அடிக்கிற சுவத்துல மாட்ட விடாதீங்க, படிக்கு கீழ காத்தோட்டமான இடம் இருந்தா அங்க. மாமியார்ட விஷயம் அவசரம்னா, பெட்டரி வந்து சேர முன்னுக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி நெபுலைசருக்கு மட்டும் வைங்க, ஆனா அதுட வாட் கணக்க கடைக்காரன்ட காட்டிட்டு வாங்குங்க.

இனி ஸ்விட்ச். பயப்பட ஒண்டுமில்ல. முதல்ல ஏசி ப்ரேக்கர், அது வீட்டு டீபிக்குப் போற லைன்ல இருக்கும், "சோலார் ஏசி"ன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கணும். அத ஓஃப் பண்ணினாலே இன்வேட்டர் ரெண்டு செக்கன்ல தானா நிண்டுரும், பகல்ல நிப்பாட்ட அதுவே போதும். ஆள் வந்து வேலை செய்யப் போறார்னா அதுக்குப் பிறகு டீசி ஐசொலேட்டர், பெனல் பக்கத்து லைன பிரிக்கிற ஸ்விட்ச், வழக்கமா வட்டமா திருகுற மாதிரி இருக்கும். அந்த ஓடர மாத்தாதீங்க, ஏசி முதல், டீசி பிறகு. திரும்பப் போடுறப்ப எது முதல்னு கம்பெனிக்கு கம்பெனி வித்தியாசம், இன்வேட்டர் பக்கத்து ஸ்டிக்கர பாருங்க. நாலு ஸ்விட்ச்ல மத்த ரெண்டும் பெரும்பாலும் சர்ஜ் ப்ரொடெக்டரும் எர்த் லீக் ட்ரிப்பும், அதத் தொட வேண்டாம். ஸ்டிக்கர் ஒண்டும் இல்லன்னா ஒரு ஃபோட்டோ எடுத்து இங்க போடுங்க, வீட்டு நம்பர், மீட்டர் நம்பர் தெரியாம பாத்துக்கங்க.

ஃபர்ஹான்_தெமட்டகொட:
வனஜா அக்கா ஃபோட்டோ போட்டா நானும் பாக்கணும், எங்கட வீட்டுலயும் ஒரு ஸ்டிக்கரும் இல்ல. ஜெனரேட்டர திரும்ப கடைக்கு அனுப்பிட்டேன் பாஸ் நாநா.